ஜெர்மனியில் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டவர்களும் அவிழ்த்தவர்களும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹிட்லருக்கு வித்திட்டவர் ஹெகல்தான் என்கிறார்களே?

அந்தப் பழி அவருக்குப் பொருந்தாது. 1820இல் ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகல் முன்வைத்தது சட்டத்துக்குக் கட்டுப்பட்ட முடியாட்சி. ஹிட்லர் சான்சலரான (அரசாங்கத் தலைவரான) நாளில் ஹெகல் இறந்துவிட்டார் எனலாம், அதாவது அவருடைய அரசுக் கோட்பாடு அன்றோடு முடிந்தது என்று 1933இல் எழுதியவர், நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்த சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட்.

கேள்வி: வைமார் அரசியலமைப்பின் 48ஆம் பிரிவில் அப்படி என்ன கோளாறு?

முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் ஜெர்மனி குடியரசானபோது எழுதப்பட்டது வைமார் அரசியலமைப்பு. அதன் 48ஆம் பிரிவின்படி, பொது அமைதிக்கு ஆபத்து என்றால் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடித ரகசியம் உட்பட ஏழு அடிப்படை உரிமைகளைக் குடியரசுத் தலைவர் நிறுத்திவைக்கலாம். நாடாளுமன்றம் கேட்டால் ஆணையைத் திரும்பப் பெற்றாக வேண்டும் என்ற கடிவாளமும் இருந்தது. ஆனால் 25ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தையே கலைக்கும் அதிகாரமும் அவரிடம்தான்! 1930 ஜூலை 18 அன்று 48ஆம் பிரிவின் கீழ் வந்த, சான்சலர் புரூனிங்கின் நிதி ஆணைகளை உறுப்பினர்கள் வாக்களித்து ரத்து செய்தார்கள். அன்றே குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் சபையைக் கலைத்தார். அதே மாதத்தில் அந்த ஆணைகள் சற்று மாறிய வடிவில் திரும்பி வந்தன. செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 12 இடங்களிலிருந்து 107க்குப் பாய்ந்தார்கள். ஜனநாயகம் 1933இல் ஒரே நாளில் விழுந்தது என்று பாடம் நடத்துபவர்கள் இந்த 1930ஐ விட்டுவிடுவது எனக்கு வருத்தமே.

கேள்வி: நாஜியான ஷ்மிட்டை இன்னமும் படிக்கத்தான் வேண்டுமா?

படியுங்கள், எதிர்த்தரப்பையும் சேர்த்துப் படியுங்கள். அசாதாரண நிலை எது என்று முடிவெடுப்பவரே இறைமையாளர், அதாவது நாட்டின் உச்ச அதிகாரம் உடையவர் என்றார் ஷ்மிட். அரசியலமைப்பின் காவலர் குடியரசுத் தலைவரே என்றும் வாதிட்டார். அதிகாரத்தைக் கையாளும் ஒருவரே அதற்குக் காவலராகவும் இருக்க முடியாது, அந்த வேலை நீதிமன்றத்துடையது என்று 1931இல் சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சன் மறுத்தார்.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1932 ஜூலை 20 அன்று சான்சலர் பாப்பென், 48ஆம் பிரிவைக் காட்டி, ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசை அகற்றினார். லைப்சிக் நீதிமன்றத்தில் மத்திய அரசுக்காக ஷ்மிட், பிரஷ்ய சமூக ஜனநாயகவாதிகளுக்காகச் சட்ட அறிஞர் ஹெர்மன் ஹெல்லர் வாதாடினார்கள். தீர்ப்போ இரண்டுங்கெட்டான்: மாநில அமைச்சர்கள் பதவியில் தொடரலாம், மத்தியின் மேலவையில் பிரஷ்யாவுக்காகப் பேசலாம், நிர்வாகமும் போலீசும் பாப்பெனிடமே இருக்கும். போலீஸ் இல்லாத அரசு எதைக் காப்பாற்றும்? ஹெல்லர் 1933 நவம்பரில் மாட்ரிடில், நாடு கடந்த நிலையில், 42 வயதில் காலமானார். ஷ்மிட் அளவுக்கு அவரும் பேசப்பட வேண்டியவர்.

கேள்வி: இதற்கெல்லாம் இந்தியத் தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. நெருக்கடி நிலைப் பிரிவுகளை எதிர்த்த எச்.வி. காமத், 1949இல் அரசியல் நிர்ணய சபையிலேயே வைமார் உதாரணத்தைச் சொல்லி எச்சரித்தார். அதே ஆண்டு மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், மனித மாண்பையும் ஜனநாயகக் கூட்டாட்சியையும் திருத்தம் மூலமாகக்கூடத் தொட முடியாது என்று 79ஆம் பிரிவில் எழுதிக்கொண்டது. திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்ற வாதத்தை ஜெர்மானிய அறிஞர் டீட்ரிஷ் கொன்ராட் 1965இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேசினார். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தத்தால் மாற்ற முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1973இன் கேசவானந்த பாரதி வழக்கில், நீதிபதி எச்.ஆர். கன்னா கொன்ராடை மேற்கோள் காட்டியிருக்கிறார்.