சிவகங்கையில் வென்றது மதுரையில் நிற்குமா?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி: வாங்கிய மூன்றாம் மாதமே குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டது. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விலையும் இழப்பீடுமாக 58,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. இப்போது நிறுவனம் மேல்முறையீடு செய்திருக்கிறதாம். ஜெயித்ததெல்லாம் வீண்தானா?

வீண் என்று உங்களிடம் யார் சொன்னார்கள், ஆச்சி? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உத்தரவு வந்த 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். பணம் கொடுக்கும்படி உத்தரவு பெற்றவர் அதில் பாதியைக் கட்டினால்தான் அந்த மேல்முறையீடு விசாரணைக்கே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே உங்கள் நிறுவனம் 29,000 ரூபாயைக் கட்டியிருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். அடுத்தது, மேல்முறையீடு வேறு, தடையுத்தரவு வேறு. தடை கிடைக்காத வரையில் உத்தரவு உயிரோடுதான் இருக்கிறது. சிவகங்கையிலேயே நிறைவேற்று மனு போடலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மாநில ஆணையத்தின் மதுரை அமர்விலிருந்து அறிவிப்பு வந்தால் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்வது மட்டுமே அங்கே கேட்கும்.

இதே போன்ற பழைய உத்தரவை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2003 மார்ச் முதல் 2020 ஜூலை வரை நடைமுறையில் இருந்த, உத்தரவை நிறைவேற்றுவதற்கான பழைய நுகர்வோர் சட்டப் பிரிவில் ‘இடைக்கால உத்தரவு’ என்று மட்டுமே இருந்ததால், இறுதி உத்தரவை நிறைவேற்றக் கோர முடியாது என்று வாதாடியே பலர் தப்பித்து வந்தார்கள். அதை ‘எந்த உத்தரவும்’ என்றே படிக்க வேண்டும் என 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது.

பள்ளத்தூர் வாசகர்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நான் ஏமாந்தது ஏமாந்ததுதானா?

பொருளில் பழுது இருந்தால் அந்த வரி செல்லாது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிகம். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பதற்கு இது பொருந்தாது.

காரைக்குடி வாசகர்: முனீஸ்வரன் கோயில் தெருவில் பர்மா தேக்கு என்று சொல்லி ஒரு நிலைக்கதவை 1,80,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பாலிஷ் படாத அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்த ஆசாரி, இது வேங்கை என்கிறார். ஜிஎஸ்டி மிச்சமாகும் என்பதால் பில் வாங்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போகவும் தயாராக இருக்கிறேன்.

உச்ச நீதிமன்றம் இருக்கட்டும். சிவகங்கைக்குக் கொண்டுபோக உங்கள் கையில் என்ன இருக்கிறது? வரியை மிச்சம் பிடிக்கப் பில்லை விட்டுக்கொடுத்தவர்கள் பிறகு நீதிமன்றங்களின் பெயரை அடுக்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஆனாலும் வேங்கையைத் தேக்கு என்று விற்றவர் உங்களைவிடப் பெரிய குற்றவாளி என்பதால் சொல்கிறேன். பில் கொடுக்காமல் இருப்பதும் முறையற்ற வணிகம் என்றே சட்டம் சொல்கிறது. வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும், ‘பர்மா தேக்கு’ என்று கடைக்காரர் எழுதிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். மரத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே கேளுங்கள், ஏனெனில் ஆசாரியின் வாய்ச்சொல் அங்கே நிற்காது. மேல்முறையீட்டில் புதிதாக ஆதாரம் சேர்ப்பது எளிதல்ல. கீழே வைக்கத் தவறிய காகிதத்தை மேலே போய்த் தேட முடியாது. அதே வட்டாரத்தில் பழைய சுவீடன் இனாமல் தூக்கு என்று நான் வாங்கிவந்த பாத்திரத்தில், புளி போட்டு ஒருமுறை தேய்த்ததுமே பூ பாதி கழன்று வந்தது. அதற்கும் பில் கிடையாது. இப்போது அதில்தான் அரிசி அளக்கிறேன்.

தேவகோட்டை வாசகர்: வக்கீல்கள் மீது நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பு வந்துவிட்டதாமே. மருத்துவர்கள் மீதும் இனி முடியாது என்று ஒரு செய்தியில் பார்த்தேன். என் தாயாரின் கண் அறுவை சிகிச்சை வழக்கைத் திரும்பப் பெற்றுவிடலாமா?

திரும்பப் பெறாதீர்கள். செய்தித் தலைப்பை நம்பி நல்ல வழக்கைக் கைவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர்களின் பணி நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது உண்மை. மருத்துவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1995ஆம் ஆண்டின் சாந்தா வழக்குத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அதே அமர்வு கருத்துச் சொல்லி, பெரிய அமர்வு பரிசீலிக்கட்டும் என அனுப்பியது. அனுப்பியதுதான், மாற்றியதல்ல. சாந்தா தீர்ப்பு மூன்று நீதிபதிகளுடையது; இரண்டு பேர் அதை மாற்ற முடியாது. பிறகு அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் கூடி, மறுபரிசீலனை தேவையில்லை என்று முடித்துவைத்தார்கள். மே மாதச் செய்தியை உரக்கச் சொன்ன வாய்கள் நவம்பர்ச் செய்தியை ஏன் முணுமுணுக்கக்கூட இல்லை என்று எனக்கு விளங்கவில்லை. ‘அதிரடித் தீர்ப்பு’ என்று போடுகிறவர்கள் அது இறுதித் தீர்ப்பா, இடைக்காலத் தடையா, வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியதா, நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்தா என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? தாயாரின் மருத்துவக் குறிப்புகளை முழுவதும் எழுத்து மூலம் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஆத்தங்குடி அருகிலிருந்து: எங்கள் பழைய வீட்டில் விருந்தினர் தங்கும் அறைகளின் தரையில் பதித்த சிமெண்ட் பூக்கற்கள் ஆறு மாதத்தில் மாவாக உதிர்கின்றன. வணிக நோக்கம் என்று வழக்கைத் தள்ளிவிடுவார்களா?

வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் சொல்லும். தண்ணீர்த் தொட்டியில் ஊறி இறுக வேண்டிய கல்லை அவசரத்தில் எடுத்து அனுப்பினால் உதிரத்தான் செய்யும். ஆனால் உங்கள் வழக்கில் கல்லைவிட நீங்கள் யார் என்பதே முக்கியமான கேள்வியாகிவிடும். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995ஆம் ஆண்டு வழக்கில், சுயதொழில் செய்து பிழைப்பதற்கு மட்டுமே வாங்கியவரை வணிகர் என்று ஒதுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2019இல், செவிலியர்கள் தங்குவதற்கு மருத்துவமனை அறக்கட்டளை வாங்கிய குடியிருப்புகள் லாபத்தோடு நேரடித் தொடர்பு இல்லாதவை என்பதால் அவற்றையும் வணிக நோக்கமாகக் கொள்ளவில்லை. உங்கள் அறைகளுக்கு வாடகை வருகிறது, எனவே இரண்டாவது தீர்ப்பு உங்களுக்கு உதவாது. குடும்பமே சமைத்து, பெருக்கி, நடத்திப் பிழைக்கிற தொழில் என்றால் முதலாவது உதவும். அதை மனுவின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஆள் வைத்து நடத்துகிற விடுதி என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

புதுவயல் வாசகர்: மாவட்ட ஆணையத்தில் தோற்றுவிட்டேன். நேராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாமா?

போகக்கூடாது. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் குறுக்கே வரக்கூடாது என்று 2012இலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. மாநில ஆணையத்துக்குப் போங்கள். 45 நாள் கணக்கு உத்தரவு தேதியிலிருந்து ஓடுகிறது. உங்கள் கடிதத்தில் தேதியே இல்லை.