நடக்காத கல்யாணம்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை, வேலை கோயம்புத்தூரில். கல்லூரிக் காலத்திலிருந்து ஸ்பைடர்மேன் காமிக்ஸ் வாங்கிப் படிக்கிறேன். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரும் மேரி ஜேனும் கணவன் மனைவியாக இருந்தார்கள். 2007இல் அவர்களுக்குக் கல்யாணமே நடக்கவில்லை என்று கதையை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். போதாததற்கு 2011இல் மைல்ஸ் மொராலெஸ் என்று வேறொரு பையனுக்கு அந்த முகமூடியைக் கொடுத்தார்கள். எல்லாம் காசுக்காகத்தானே? நம் இராமாயணத்தில் இப்படிக் கைவைக்க யாராவது துணிவார்களா? கோபப்பட்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள், பிள்ளைகள் புத்தகத்துக்கு இவ்வளவு ஆத்திரமா என்று. தொடர்ந்து வாங்குவதா, நிறுத்திவிடுவதா? நீங்கள் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

மேரி ஜேனைப் பற்றி யாராவது எழுதமாட்டார்களா என்று நானே காத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த உடனடிப் பதில். ஆனால் அவளிடம் வருவதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் திட்டவேண்டியிருக்கிறது.

காசுக்காகத்தானே என்கிறீர்கள். ஆமாம், காசுக்காகத்தான். 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் தாங்கள் படைத்த சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அன்று தொடங்கிய வியாபாரம் இது. (அதே சீகல் 1960களில் ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதியதுதான் சிவகாசி வழியாக நமக்குக் கிடைத்த கூர்மண்டை ஸ்பைடர் கதைகளில் பல. அவன் உங்கள் ஸ்பைடர்மேன் இல்லை, வேறு ஆள். இதை நம் ஆட்கள் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.) காசுக்காக எழுதியதாலேயே ஒரு கதை கெட்டுப்போகாது. அடுத்தது.

ஒன்றாம் எண். 2011இல் சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் 52 தொடர்களை ஒரே வீச்சில் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. 2016இல் ஆக்‌ஷன் காமிக்ஸையும் டிடெக்டிவ் காமிக்ஸையும் மறுபடி பழைய எண்களுக்கே கொண்டுபோனது. அட்டை எண்ணுக்காகக் கோபப்படுவது அலமாரி வைத்திருப்பவர்களின் வேலை. நீங்கள் உள்ளே இருப்பதைப் படிக்கிற ஆள் என்று நினைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

இராமாயணம். தம்பி, பாலக்காட்டுப் பக்கம் பிறந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? உங்கள் ஊர்ப்பக்கத்துப் பகவதி கோவில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து ஆடுகிறவர்கள் பாடுவது கம்பனை. வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலைப் பிடித்துத் தூக்குகிறான். கம்பனில் தொடவே இல்லை, பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். அந்தக் கம்பனையும் இந்தக் கூத்துக்காரப் புலவர்கள் இரவு முழுக்கத் தங்கள் வியாக்கியானத்தால் நீட்டி முழக்கித்தான் ஆடுகிறார்கள். ஒரு சீசனாவது போய் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் பேசலாம்.

உண்மையிலேயே எனக்கு எரிச்சல் வந்தது மைல்ஸ் மொராலெஸ் விஷயத்தில்தான். கல்யாணத்தை அழித்ததையும் அந்தப் பையன் வந்ததையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். மைல்ஸ் வந்தது 2000இல் தனியாகத் தொடங்கிய வேறொரு உலகக் கதையில். அந்த உலகத்துப் பீட்டர் செத்துப்போகிறான், அவன் இடத்துக்கு இந்தப் பையன் வருகிறான். அப்பா கறுப்பர், அம்மா போர்ட்டோ ரிக்கோ வழி வந்தவர். நீங்கள் மாதாமாதம் வாங்கிய பீட்டர் தன் இதழில் அப்படியே இருந்தான், அவன் சட்டையிலிருந்து ஒரு நூலைக்கூட யாரும் உருவவில்லை. அப்படியிருந்தும் 2011இல் கூச்சல் போட்டவர்கள் பலருக்கு உறுத்தியது அந்தப் பையனின் தோல். அதை வெளியே சொல்லக் கூசி, கதைக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் அந்தக் கூட்டம் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தின் வாக்கியம் உங்கள் கடிதத்தில் வந்திருக்கிறது. ‘வேறொரு பையன்’ என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டாமா?

ஒருவர் போய் இன்னொருவர் வருவது காமிக்ஸில் இயல்பான காரியம். நமக்குப் புதிதும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மலையாளத் தோழி இருந்தாள். அவள் அண்ணன் சேர்த்துவைத்த பழைய மலையாள இந்திரஜால் காமிக்ஸ் ஒரு கட்டு அவளிடம். என்னிடம் பொள்ளாச்சிக்குப் போகிறவர்களைக் கெஞ்சி வாங்கிய ராணி காமிக்ஸ், அப்புறம் ஆக்ரிக்கடையில் எடைக்கு வந்ததிலிருந்து பொறுக்கியவை. அவளுக்கும் எனக்கும் ஒரே நாயகன். கானகத்தில் மண்டையோட்டுக் குகையில் இருக்கிற முகமூடிக்காரன், லீ ஃபாக் 1936இல் படைத்தவன். ஆங்கிலத்தில் ஃபேன்டம், ராணி காமிக்ஸில் அவன் பெயர் மாயாவி. வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் புத்தகங்கள் கைமாறும். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது, எனக்கு மலையாள எழுத்து தடுமாறும். படத்தைப் பார்த்துக் கதை சொல்லிக்கொள்வோம்.

ஒருநாள் பெரிய சண்டை. என் புத்தகத்தில் அவன் காதலி டயானாவைப் பார்ப்பதற்கே கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறான், இன்னும் பேச்சிலர். அவள் புத்தகத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது, மந்திரவாதி மாண்ட்ரேக்கே விருந்தாளியாக வந்திருக்கிறான். ‘கல்யாணம் கழிஞ்ஞல்லோ’ என்று அவள் படத்தைக் காட்டுகிறாள். இல்லவே இல்லை என்று நான் என் படத்தைக் காட்டுகிறேன். அவர்களுக்கு 1977இலேயே கல்யாணம் ஆகிவிட்டது, எனக்குக் கிடைத்தது அதற்கு முந்திய கதை, அவ்வளவுதான். தேதி போட்டுப் பார்க்க எங்களுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் தனி ஆள் இல்லையே, 1536இலிருந்து அப்பா போனால் மகன் என்று முகமூடி போட்டுக்கொண்டு வருகிற வம்சம், இப்போதிருப்பவன் இருபத்தொன்றாமவன். அப்படியானால் அவளுடையவன் அப்பா, என்னுடையவன் மகன். இரண்டு பேரும் டயானா என்ற பெயருள்ள பெண்ணையே தேடிப்பிடித்தது தற்செயல். சண்டை தீர்ந்தது.

1961இல் எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸ், ஃப்ளாஷ் என்ற வேக நாயகனின் கதையில் செய்ததும் இதைத்தான். 1940இல் வந்த ஃப்ளாஷ் வேறு ஆள், 1956இல் புதிதாக வந்த ஃப்ளாஷ் வேறு ஆள். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள வேண்டும், எப்படி? இரண்டு பூமி. ஆளுக்கு ஒன்று. யாரையும் கொல்லவில்லை, யாருடைய கதையையும் பொய் என்று சொல்லவில்லை. பூமிகள் பெருகிக்கொண்டே போக, 1985, 86இல் டிசி எல்லாவற்றையும் நசுக்கி ஒன்றாக்கியது. வாசகர்களுக்குக் குழப்பமாக இருக்கிறதாம். வேலியோரத்தில் பாவாடை கட்டிய இரண்டு பெண் பிள்ளைகளுக்கு வராத குழப்பம்!

இங்கே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் நாம் யாரும் வரிசையாகப் படித்தவர்கள் இல்லை. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான், இவன் வேறு மாயாவி. அவன் முதலில் ஊரை மிரட்டும் திருடன், பிற்பாடு அரசாங்க உளவாளி. எது முன், எது பின் என்று தெரியாமல், நடுப்பக்கம் கிழிந்த பிரதிகளில், மறுபதிப்பும் புதுசும் கலந்து வாசித்தோம். கிழிந்த பக்கத்தை நாமே இட்டுக்கட்டிக்கொண்டோம். அதனால்தான் அமெரிக்க ரசிகர்கள் ‘தொடர்ச்சி போச்சே’ என்று அழும்போது என்னால் கூடச் சேர்ந்து அழ முடிவதில்லை. தொடர்ச்சி என்ற சொத்து நம் கையில் எப்போது இருந்தது?

ஆனால் மேரி ஜேன் விஷயம் வேறு. இதில் நான் உங்கள் பக்கம். உங்களைவிட அதிகக் கோபத்தோடு.

1987இல் அவர்களுக்குக் கல்யாணம். வெறும் புத்தகக் கல்யாணம் இல்லை. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில், பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால், நடிகர்களுக்கு வேஷம் போட்டு மேடையில் நிறுத்தி, ஸ்பைடர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஸ்டான் லீயே நடத்திவைத்தார். ஊரைக் கூட்டி நடத்திய கல்யாணம். வாசகர்கள் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுப் போகவில்லை, அடுத்த 20 வருடம் மாதம் தவறாமல் மொய் எழுதினார்கள். அந்த 20 வருடத்தில் அவள் மாடலாக, டிவி சீரியல் நடிகையாக வேலைக்குப் போகிறாள். இவன் பத்திரிகைக்குப் படம் எடுத்துச் சில்லறை பார்க்கிறான். வாடகைப் பிரச்சினை, சண்டை, பிரிவு, மறுபடி சேருவது. சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுகிற ஒருவனின் கதைக்குள் இரண்டு பேர் குடித்தனம் நடத்தினார்கள். எனக்கு அந்தப் பறக்கிற சண்டைகளைவிட இதுதான் பிடித்தது.

2007இல் என்ன செய்தார்கள்? பீட்டரின் பெரியம்மாவைக் குண்டடியிலிருந்து காப்பாற்றவேண்டும். சாத்தான் வருகிறான். உயிரைத் தருகிறேன், பதிலுக்கு உங்கள் கல்யாணத்தைக் கொடுங்கள் என்கிறான். இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிறார்கள். விடிந்தால் கல்யாணம் நடந்ததே இல்லை. யாருக்கும் நினைவில்லை, அவர்கள் இருவருக்கும்கூட. எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கிக்கே இது சம்மதமில்லை. கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிடலாமா என்று யோசித்ததாக அவரே சொன்னார்.

ஏன் சாத்தான்? பிடிக்காவிட்டால் விவாகரத்து செய்துவைத்திருக்கலாமே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. விவாகரத்து ஆனவன், மனைவியை இழந்தவன் என்றால் பீட்டருக்கு வயதான களை வந்துவிடும் என்பது ஆசிரியர் குழுவின் வாதம். கல்யாணமானவனாக இருப்பதே வயதுதான், அதுவும் வேண்டாம். ஆக, பெண்ணை விலக்கவும் வேண்டும், விலக்கிய தழும்பும் தெரியக்கூடாது. இந்தக் கணக்கை நான் காமிக்ஸில் மட்டும் பார்த்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. நாற்பது தாண்டிய ஆண்கள் எத்தனை பேர் நம் கல்யாண மண்டபங்களிலேயே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, மனைவியை ‘பசங்க அம்மா’ என்று தூரத்தில் நிறுத்திவிட்டு, கல்லூரிக் கதை பேசுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அந்த ஆசையைத்தான் ஒரு பெரிய நிறுவனம் சாத்தான் செலவில் நிறைவேற்றிக்கொண்டது.

மைல்ஸ் வந்தபோது ஒரு கதை முடிந்து இன்னொன்று தொடங்கியது. இங்கே நீங்கள் படித்ததே நடக்கவில்லை என்கிறார்கள். முதலாவதற்குக் கத்துகிறவன் தன் பால்யத்தை யாரும் தொடக்கூடாது என்கிறான். இரண்டாவதற்குக் கத்துகிறவன் மொய்க்கணக்கு கேட்கிறான், கேட்கத்தான் செய்வான். நிறுவனங்களுக்கு வசதி என்னவென்றால், இரண்டையும் கலந்து ‘ரசிகர்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது’ என்று சொல்லிவிடலாம். உங்கள் கடிதமும் அதே வசதியைத்தான் செய்துகொடுக்கிறது. வேடிக்கை பாருங்கள், அதிகம் ஜெயித்தது முதல் வகைக் கத்தல்தான். 1994இல் கிரீன் லான்டர்ன் என்ற நாயகனாக இருந்த ஹால் ஜோர்டனைக் கெட்டவனாக்கி, கைல் ரெய்னர் என்ற புதியவனைக் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் அமைப்பு வைத்தே போராடினார்கள். பத்து வருடம் கழித்து ஹால் திரும்பிவந்துவிட்டான்.

இரண்டாம் வகைக்கு ஒரே ஒரு சுத்தமான வெற்றி எனக்குத் தெரியும், அது இதழில் நடக்கவில்லை, செய்தித்தாளில் நடந்தது. ஸ்டான் லீ பெயரில் நாள்தோறும் வந்த ஸ்பைடர்மேன் படக்கதையில் 2009 ஜனவரியில் பீட்டரை இதேபோலப் பிரம்மச்சாரி ஆக்கினார்கள். காலையில் காபியோடு படிக்கிற சாதாரண ஜனங்கள் விடவில்லை. சில மாதங்களிலேயே பீட்டர் தூங்கி விழிக்கிறான், பக்கத்தில் மேரி ஜேன், எல்லாம் கனவு! அதற்குப் பிறகு 2019இல் புதுக்கதைகள் நிற்கும்வரை அங்கே அவர்கள் கணவன் மனைவிதான். காமிக்ஸ் கடையில் வரிசையில் நிற்கிறவனைவிட வாசலில் பேப்பர் எடுக்கிற பாட்டிக்கு மரியாதை அதிகம் போல.

நிறுத்துவதா வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள், அதை மறந்தே போனேன். உங்கள் சம்பளம், உங்கள் முடிவு. ஆனால் 2024இல் ஜோனதன் ஹிக்மன் எழுதி மார்கோ கெக்கெட்டோ வரைந்து தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்மேனைப் படித்தீர்களா? அதுவும் ஒன்றாம் எண்தான், அதுவும் புது உலகம்தான். அதில் பீட்டர் மேரி ஜேனின் கணவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், தாடி வேறு. சிலந்தி கடிப்பதே அதற்கப்புறம்தான். முதல் இதழை மறுபடி மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. நீங்கள் திட்டுகிற அதே காரியத்தால், அதே நிறுவனத்தில் இது வந்திருக்கிறது. முதல் ஆறு இதழையாவது படித்துவிட்டு எழுதுங்கள். அந்தக் குடித்தனம் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுதுங்கள். எண்ணைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் பதில் போடமாட்டேன்.

சிரிக்கிற நண்பர்களை விடுங்கள், அவர்கள் ஐபிஎல் ஏலத்தின்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா