சுரங்க ரயில் நிலைய இசைஞர்கள் யார்? அவர்களின் இசை வழிப்போக்கரை ஏன் தொடுகிறது?

நிலத்தடி ரயில் நிலையங்களின் நடைவழியிலும் நடைமேடையிலும் நின்று, பயணிகள் விரும்பிக் கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு பாடுபவர்களையும் வாசிப்பவர்களையும் சுரங்க ரயில் இசைஞர்கள் என்கிறோம்.

அந்த இசை மனத்தைத் தொடுவதற்கு முதற்காரணம், கேட்பவர் அதை எதிர்பார்த்து வரவில்லை என்பதே. ஓடு பதித்த சுவர்களில் ஒலி மோதித் திரும்புவதால், வாசிப்பவர் கண்ணில் படுவதற்கு முன்பே வயலினின் நாதம் படிக்கட்டுக்கு வந்துவிடுகிறது. கடைவீதியில் விரைந்து நடப்பவரை எங்கிருந்தோ வரும் மல்லிகை மணம் திரும்பிப் பார்க்க வைப்பதைப் போன்றது அது.

ஆயினும் நிற்பதற்கு நேரம் வேண்டும். 2007 ஜனவரியில், புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், தொப்பி அணிந்து, தம்மை அறிவித்துக்கொள்ளாமல், வாஷிங்டன் மெட்ரோ நிலைய வாயிலில் காலை நெரிசலில் 43 நிமிடங்கள் வாசித்தார். கடந்து சென்ற 1,097 பேரில் நின்று கேட்டவர்கள் 7 பேர் மட்டுமே. நிற்க முயன்ற குழந்தைகளைப் பெற்றோர் இழுத்துச் சென்றனர். இதை ரசனைக் குறைவு என்பதைவிட அலுவலகம் செல்லும் அவசரம் என்பதே நியாயம்.

மேடை கிடைக்காதவர்களே இங்கு வாசிக்கிறார்கள் என்று பலர் எண்ணுவது சரியன்று. நியூயார்க்கிலும் பாரிஸிலும் தேர்வாளர்கள் முன் வாசித்துக் காட்டி அனுமதி பெற்ற கலைஞர்கள் பலர் இவர்களில் உள்ளனர்.