அப்பாவின் கண்ணுக்குப் புற்றுநோய் மருந்தா?

பினாங்கில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு இனிப்புநீரால் விழித்திரை வீங்கி, கண்ணில் பெவாசிசுமாப் ஊசி போடச் சொன்னார்கள், அது புற்றுநோய் மருந்தாமே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அமெரிக்காவில் 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்குத்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. அதற்காக அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அர்த்தமில்லை.

கண்ணிலும் புற்றுநோயிலும் இந்த மருந்து குறிவைப்பது ஒன்றையே: விஈஜிஎஃப் என்ற புரதம். சர்க்கரையால் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கெட்டு விழித்திரைக்கு ஆக்சிஜன் குறைந்தால், செல்கள் இதை அதிகமாகச் சுரக்கும். 'குழாய் போடு' என்று அவை கூவுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குழாய்கள் கசிய ஆரம்பிக்கும், ஜார்ஜ் டவுன் பழைய கடைவீட்டுக் கூரை மாதிரி. அந்த நீர் விழித்திரை நடுவில் தேங்கினால் பேப்பர் வரி வளைந்து தெரியும். புற்றுக்கட்டியும் இதே புரதத்தை வைத்துத்தான் தனக்கு இரத்தம் வரவழைக்கிறது.

இது செல்லுக்கு வெளியே திரிவது நமக்கு வசதி. பெவாசிசுமாப் ஒரு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம்; பெரிய மூலக்கூறு. செல்லுக்கு உள்ளே நுழையாமலே விஈஜிஎஃப்பைப் பிடித்து, செல்லின் மேலே அது ஒட்டும் இடமான ஏற்பியில் ஒட்டவிடாமல் செய்துவிடும். கண்ணுக்கு வழக்கமாக 1.25 மில்லிகிராம்தான், ஒரு சொட்டளவு. சுரப்பு நிற்காததால் ஊசி திரும்பத் திரும்பத் தேவைப்படும். அப்பாவுக்கு முன்பு பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.