சங்க மண்டபத்தில் குடிவரவு ஃபோம் நிரப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஒன்ராறியோவின் ஏஜாக்ஸில் எங்கள் ஊர்ச் சங்கம் பல வருடங்களாக இயங்குகிறது. கலைவிழா, கோடை ஒன்றுகூடலோடு நிற்காமல் புதிதாக வருபவர்களுக்கு உதவ வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவெடுத்தோம். விசிட்டர் விசாவில் வந்து அகதிக் கோரிக்கை வைத்தவர்கள், படிக்க வந்த பிள்ளைகள், ஸ்பொன்சரில் வந்த பெற்றோர் என்று பலர் எங்களைத் தேடி வருகிறார்கள். தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் இருந்து குடிவரவு விண்ணப்ப ஃபோம் நிரப்பிக் கொடுக்கத் தயார் என்கிறார். சங்கத்துக்குச் சிறிய நன்கொடை வாங்கலாம் என்பதும் அவர் யோசனை. இது சரியா? நகரசபையிடம் என்ன கேட்கலாம்?
— சங்கச் செயலாளர், ஏஜாக்ஸ்

பதில்: அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 91ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குடிவரவு விண்ணப்பத்துக்கோ அகதிக் கோரிக்கைக்கோ காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்வதென்றால், ஒருவர் வழக்கறிஞராக, உரிமம் பெற்ற பாராலீகலாக (சில சட்ட வேலைகளை மட்டும் செய்பவர்), கியூபெக் நோட்டரியாக அல்லது பதிவுபெற்ற ஆலோசகராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது குற்றம். கடுமையான வழக்கென்றால் 200,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, இல்லை இரண்டுமே. நேரடியாக வாங்கினாலும் சுற்றுவழியில் வாங்கினாலும் ஒன்றுதான் என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. உங்கள் ‘சிறிய நன்கொடை’ எங்கே போய் நிற்கும் என்று இப்போது விளங்கும்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் பிழையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். காசு வாங்காமல் உதவலாம். மகன் அம்மாவுக்கு நிரப்பலாம், நண்பர் நண்பருக்கு நிரப்பலாம், சங்கத் தொண்டர் ஒருவரும் செய்யலாம். ஆனால் ‘இலவசம்’ என்றால் உண்மையாகவே இலவசமாக இருக்க வேண்டும். ஃபோம் நிரப்ப வந்தவரிடம் அங்கத்துவப் பணம் வாங்கினால் அது இலவசமா? ‘விரும்பியதைப் போடுங்கள்’ என்று உண்டியல் வைத்தால்? அவர் சங்கத்திடம் ஒன்றும் வாங்காமல், ஆண்டு மலரில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, மண்டபத்தில் பழகிய ஆட்களிடம் பிறகு தன் வீட்டு பேஸ்மென்ட்டில் வைத்துக் காசு வாங்கினால்? இந்த இடங்களில்தான் சங்கங்கள் மாட்டுகின்றன. இலவசமாகச் செய்தாலும், ஒருவருடைய சார்பில் குடிவரவுத் திணைக்களத்தோடு தொடர்பு வைத்திருந்தால் ஐஎம்எம் 5476 என்ற படிவத்தில் அவர் பெயரைக் காட்ட வேண்டும். காட்ட மறுக்கிறாரா? அப்படியானால் அவரை வைத்துக்கொள்ளவே வேண்டாம். மொழிபெயர்த்துக் கொடுப்பது, திணைக்களத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டுவது, நல்ல லோயரிடம் அனுப்புவது இவற்றுக்கு எந்த உரிமமும் தேவையில்லை. உங்கள் எல்லையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உரிமம் இல்லாத இந்த ஆட்கள் விண்ணப்பத்தில் தங்கள் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார்கள். திணைக்களம் அனுப்பும் கடிதம் விண்ணப்பதாரர் கண்ணில் படவே படாது, தவணை போய்விடும், அதற்குப் பிறகு ‘நான் என்ன செய்ய’ என்று கையை விரிப்பார்கள். அகதிக் கோரிக்கையில் இன்னும் மோசம்: ஒருவருடைய கதையை இன்னொருவருக்குப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள், விசாரணையில் அது பிடிபட்டால் உண்மையான ஆபத்திலிருந்து ஓடிவந்தவருடைய கோரிக்கையும் சேர்ந்து அடிபடுகிறது. வேறு விண்ணப்பங்களில் பொய்யான தகவல் கொடுத்தது நிரூபணமானால் ஐந்து வருடத் தடை. எழுதிக் கொடுத்தது வேறொருவர் என்றாலும், கையெழுத்துப் போட்டவர்தான் அந்தத் தடையைச் சுமக்க வேண்டும். இத்தனைக்கும் ஒன்ராறியோவில் அகதிக் கோரிக்கைக்குச் சட்ட உதவிச் சான்றிதழ் கிடைக்கிறது. வருமானம் குறைந்தவருக்கு லோயரின் செலவை லீகல் எய்ட் ஒன்ராறியோ ஏற்கிறது. இதை யாரும் சொல்லாததால்தான் சனம் கடன்பட்டுக் காசு கட்டுகிறது.

படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: வேலைக்கான எல்எம்ஐஏ கடிதம் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல்) விற்கிறோம் என்று யார் வந்தாலும் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். அதன் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதே சட்டவிரோதம். அதோடு 2025 மார்ச் 25 முதல் நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான கூடுதல் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ‘புள்ளி கூடும்’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆலோசகர் என்று யார் சொன்னாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2021 நவம்பரில் தொடங்கிய குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் (ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு, படிக்கும் கல்லூரி இல்லை) பதிவேடு இணையத்தில் திறந்தே இருக்கிறது, பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும். அதில் பெயர் இருக்கும் எல்லோரும் அகதி விசாரணைக்கு வந்து வாதாட முடியாது, அதற்கு உயர்ந்த வகை உரிமம் வேண்டும். அதையும் கேளுங்கள்.

சரி, நகரசபை. குடிவரவு மத்திய அரசின் வேலை, நகரசபையால் ஒன்றும் முடியாது என்று நினைக்க வேண்டாம். வந்தவருடைய அன்றாட வாழ்க்கை முழுக்க உள்ளூர் அலுவலகங்களில்தான் நடக்கிறது. அகதிக் கோரிக்கை வைத்தவர் ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற சமூகநலப் பண உதவிக்குப் போவது, ஏஜாக்ஸ் அடங்கும் டர்ஹம் பிராந்திய நிர்வாகத்திடம். நூலகமும் நீச்சல் குளமும் ஏஜாக்ஸ் நகரசபையுடையவை. உள்ளூர் குடிவரவுக் கூட்டமைப்பு என்று ஒன்று ஒன்ராறியோவில் 2008 முதல் இருக்கிறது, டர்ஹமில் அதைப் பிராந்திய நிர்வாகமே நடத்துகிறது. அது நேரடியாக யாருக்கும் உதவி செய்யாது, சேவை செய்பவர்களை ஒரு மேசையில் உட்கார வைக்கும். அந்த மேசையில் உங்கள் சங்கத்துக்கும் ஓர் இடம் கேளுங்கள். பொதுவான குறைகளைச் சொன்னால் அறிக்கையில் ஒரு வரியாகப் போய்விடும், அதனால் ‘வகுப்பு முடியும் நேரத்தில் இந்தத் தெருவுக்கு பஸ் இல்லை’ என்பதுபோல் குறிப்பாகச் சொல்லுங்கள்.

மண்டபத்துக்கு வாடகை கட்டமுடியாவிட்டால், மாலையில் பாடசாலை அறைகளைக் குறைந்த கட்டணத்தில் தரும் மாகாணத் திட்டம் இருக்கிறது. பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள், முன்பே எடுத்துவையுங்கள். பாடசாலைகளிலேயே குடியேற்றப் பணியாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களை உங்கள் அறைக்கு அழைத்தால் ஃபோம் பற்றிய பாதிக் கேள்விகளுக்கு உரிய ஆளே பதில் சொல்லிவிடுவார். விசா நிலை சரியில்லாத குடும்பத்தின் பிள்ளையையும் அந்தக் காரணத்துக்காகப் பாடசாலை மறுக்க முடியாது, ஒன்ராறியோ கல்விச் சட்டம் அப்படி. எங்கே போவதென்று தெரியாதவர்களுக்கு 211 என்ற தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள், எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுவார்கள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஆங்கில வகுப்பு. மத்திய அரசின் லிங்க் வகுப்புக்கு நிரந்தர வதிவிடம் உள்ளவரும் அகதியாக ஏற்கப்பட்டவரும் போகலாம். கோரிக்கை வைத்துக் காத்திருப்பவருக்கு இடமில்லை. மொழி மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் கதவு பூட்டியிருக்கிறது. மறுபக்கம், பேரப்பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்துவிட்டு இனி இங்கிலீஷ் படிக்கலாம் என்று வரும் அம்மம்மா அதற்குள் குடியுரிமை எடுத்திருந்தால் அவருக்கும் இல்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! இந்த இரண்டு பேரையும் பாடசாலைச் சபைகள் நடத்தும், மாகாணப் பணத்தில் இயங்கும் ஈஎஸ்எல் வகுப்புக்கு அனுப்புங்கள்.

ஆனால் வகுப்பு இருந்தால் மட்டும் போதாது. பேஸ்மென்ட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண் எப்படிப் போவாள்? இதுதான் சங்கத்தின் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர், காரில் கொண்டுபோய் விட ஒருவர், வங்கிக்கும் டொக்டரிடமும் முதல் தடவை கூடவே போக ஒருவர். விசாரணை நாளில் வெளியே காத்திருக்க ஒருவர். இதற்கு எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை, உங்களிடம் இருக்கிறார்கள்.

வாடகை வீடு தேடும்போதும் கூடப் போங்கள். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான். ஆறு மாதம் முன்னுக்குத் தா என்று கேட்பவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் உங்கள் சங்க அங்கத்தவராகவும் இருக்கலாம். அதை நிர்வாகக் குழுவில் வெளிப்படையாகக் கதையுங்கள்.

கடைசியாக, யாருடைய பாஸ்போர்ட்டையும் கோரிக்கைக் கடிதத்தையும் போட்டோ எடுத்துச் சங்க வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அலுமாரியிலும் பிரதி வைக்காதீர்கள். இவர்களில் சிலருடைய குடும்பம் இன்னும் ஊரில் இருக்கிறது. குழுவில் ஏற்கெனவே அப்படிப் படங்கள் இருந்தால் இன்றிரவே அழிக்கச் சொல்லுங்கள்.