நின்றுபோன காரை டிரெய்லரில் ஏற்ற மலிவான மின்சார வின்ச் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஓடாமல் நின்றுவிட்ட, ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள பழைய கார் ஒன்றை டிரெய்லரில் ஏற்றுவதற்கு மின்சார வின்ச் (வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் இயந்திரம்) வாங்க விரும்புவதாகவும், கடைகளில் 3,000 பவுண்டு முதல் 12,000 பவுண்டு வரை பல அளவுகள் இருப்பதால் குழப்பமாக இருப்பதாகவும், செலவு கையைக் கடிக்கக்கூடாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு கார் பட்டறையில் வேலை செய்கிறேன். நின்றுபோன வண்டிகளை ஏற்றி இறக்குவது எங்களுக்கு வாரம் தவறாத வேலை. மலிவான வின்ச் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்து ஆபத்தின் விளிம்புவரை போய்வந்த அனுபவமும் உண்டு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காருக்கு 4,500 அல்லது 5,000 பவுண்டு அளவுள்ள, 12 வோல்ட்டில் இயங்கும், கம்பி ரிமோட்டுடன் வரும், 15 மீட்டர் அளவுக்கு வடம் உள்ள வின்ச் போதும். 12,000 பவுண்டு வின்ச்சுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் மிச்சமாவதை நல்ல பேட்டரி, தடித்த மின்கம்பி, மின்சாரத்தை ஒரே திருப்பில் துண்டிக்கும் சுவிட்ச், ஒரு கப்பி ஆகிய நான்குக்கும் செலவிடுங்கள். இந்த நான்கிலும் மிச்சம் பிடித்தால் எவ்வளவு பெரிய வின்ச் வாங்கியும் பயனில்லை.

ஏன் 4,500 போதும் என்பதற்குக் கணக்கு எளிது. சாய்பலகையில் ஏறும் காரை இழுக்க அதன் முழு எடைக்குச் சமமான விசை தேவையில்லை. தரையிலிருந்து டிரெய்லர் தளம் இருக்கும் உயரத்தைப் பலகையின் நீளத்தால் வகுத்து, அதைக் காரின் எடையால் பெருக்கினால் போதும். தளம் 60 சென்டிமீட்டர் உயரம், பலகை 2.4 மீட்டர் நீளம் என்றால் எடையில் கால் பங்கு, அதாவது 325 கிலோ. சக்கரங்கள் உருள்வதற்கான தடையையும் சேர்த்தால் 350 கிலோவைச் சற்றே தாண்டும். பலகை 1.5 மீட்டர்தான் என்றால் அதே கார் 520 கிலோவுக்கு மேல் கேட்கும். எனவே பலகையை நீளமாக்குவது வின்ச்சைப் பெரிதாக்குவதைவிட மலிவான வழி. நெடுநாள் வெயிலிலும் மழையிலும் நின்ற காரில் பிரேக் துருப்பிடித்து நான்கு சக்கரமும் இறுகிப்போயிருந்தால், டயர் உராய்வையும் கூட்டி ஏறத்தாழ 1,200 கிலோ வரை தேவைப்படும். 4,500 பவுண்டு என்பது 2,040 கிலோ. மிக மோசமான நிலையிலும் கையிருப்பு இருக்கிறது.

ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்பதைக் கவனமாகப் பாருங்கள். சில மலிவு வின்ச்சுகளில், முக்கியமாகப் படகு டிரெய்லருக்கென்று விற்கப்படுபவற்றில், பெரிய எழுத்தில் இருப்பது உருண்டு வரும் வண்டியின் எடை. வடத்தில் நேராகக் கிடைக்கும் இழுவிசை அதில் பாதிகூட இராது, அது உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் ஒப்பிட வேண்டியது அந்தப் பொடி எழுத்து எண்ணைத்தான்.

அந்த எண்ணும்கூட உருளையில் முதல் அடுக்கு வடம் மட்டும் சுற்றியிருக்கும்போது கிடைக்கும் விசையே. ஒவ்வோர் அடுக்கு ஏறும்போதும் உருளையின் ஆரம் கூடுகிறது, மோட்டார் தரும் முறுக்கு மாறுவதில்லை, ஆகவே இழுவிசை குறைகிறது. டிரெய்லர் வேலையில் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் நாம் இழுக்கும் தொலைவு ஏழெட்டு மீட்டர்தான். பெரிய வின்ச் ஒன்றில் 28 மீட்டர் வடம் நான்கு அடுக்காகச் சுற்றியிருக்கும். எட்டு மீட்டரை வெளியே எடுத்தாலும் மூன்றாம் அடுக்கு முழுவதும் உருளையில் அப்படியே இருக்கும், நமக்குக் கிடைப்பது விலை கொடுத்து வாங்கிய விசையில் ஏறத்தாழ 70 விழுக்காடு. பத்து, பதினைந்து மீட்டர் வடம் உள்ள சிறிய வின்ச்சில் அதே தொலைவுக்குப் பெரும்பகுதி வடம் வெளியே வந்துவிடுவதால், பலகையின் அடியில் கார் நிற்கும் மிகக் கடினமான கட்டத்தில் உருளை ஏறக்குறைய முதல் அடுக்கிலேயே வேலை செய்கிறது. கார் மேலே தளத்துக்கு வந்து சேரும்போது அடுக்குகள் கூடியிருக்கும், ஆனால் அப்போது இழுக்க வேண்டிய சுமையும் குறைந்துவிடும்.

கப்பியைச் சொல்லக் காரணமும் இதுதான். வடத்தைக் காரில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பி டிரெய்லரிலேயே கட்டினால் இழுவிசை இரட்டிப்பாகிறது, வேகம் பாதியாகிறது. வடமும் இரு மடங்கு வெளியே போவதால் கீழ் அடுக்கின் பலனும் சேர்கிறது. சக்கரம் இறுகிய காரை மெதுவாக இழுப்பது எல்லா வகையிலும் நல்லது.

இனி மின்சாரம். எங்கள் பட்டறைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் 12,000 பவுண்டு வின்ச் ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினோம். எண்ணைப் பார்த்து நான்தான் பரிந்துரைத்தேன். தனி பேட்டரி வைக்காமல், இழுக்கும் வேனின் பேட்டரியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட்டுக்கு வைத்திருந்த நீளமான கம்பிகளை இழுத்து மாட்டினோம். கார் பலகையின் நடுவுக்கு வந்தபோது மோட்டாரின் ஓசை கம்மியது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் 'டக் டக் டக்' என்று விடாத சத்தம். நான் பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். வின்ச் நிற்கவில்லை. பெட்டிக்குள் இருந்த சாலினாய்டின் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) செப்பு முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அங்குலம் அங்குலமாகக் காரின் முன்பக்கம் வின்ச்சை நோக்கி வந்துகொண்டே இருக்க, "அண்ணே, கிளிப்பைப் பிடுங்குங்கண்ணே!" என்று கத்தினேன். வேனருகே இருந்த மூத்தவர் பேட்டரி முனையிலிருந்து கிளிப்பைப் பறித்தபோது நீல நிறத்தில் தீப்பொறி தெறித்து, ஈய முனையில் அரிசி அளவுக்கு ஒரு குழி விழுந்தது. பேட்டரி வெளியிடும் ஹைட்ரஜனில் அந்தப் பொறி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

நடந்ததற்குக் காரணம் வோல்ட்டேஜ் குறைந்ததுதான். இந்த அளவு வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பாதிச் சுமையிலும் 200 ஆம்பியருக்குக் குறையாது. 25 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை ஆறு மீட்டர் போக, ஆறு மீட்டர் வர இழுத்தால் 200 ஆம்பியரில் கம்பியிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகிறது. பேட்டரியின் வோல்ட்டேஜும் சுமையில் இறங்கும். சாலினாய்டின் சுருளுக்குப் போதிய வோல்ட்டேஜ் கிடைக்காதபோது அது தொடர்பை விடும், மீண்டும் பிடிக்கும்; ஒவ்வொரு முறையும் பொறி எழுந்து, இறுதியில் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே பேட்டரியை டிரெய்லரிலேயே, வின்ச்சுக்கு அருகில், மூடிய பெட்டியில் வையுங்கள். ஒரு மீட்டருக்கு உட்பட்ட கம்பி என்றால் 5,000 பவுண்டு வின்ச்சுக்கு 25 சதுர மில்லிமீட்டர் தாராளமாகப் போதும். பலர் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் ஆம்பியர்-மணி எண் பெரிதாக இருக்க வேண்டும் என்று தேடுகிறார்கள், தேவையில்லை. 150 ஆம்பியரில் மூன்று நிமிடம் இழுத்தால் செலவாவது ஏழரை ஆம்பியர்-மணிதான். பேட்டரி குறுகிய நேரத்தில் எவ்வளவு மின்னோட்டத்தைத் தளராமல் தரும் என்பதே கேள்வி, அதனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் திறன் நன்றாக உள்ள, கசியாத ஏ.ஜி.எம். வகை பேட்டரியை எடுங்கள். டிரெய்லரின் விளக்குகளுக்கு வரும் மெல்லிய கம்பியிலிருந்து வின்ச்சை நேரடியாக இயக்க ஒருபோதும் முயல வேண்டாம். வீட்டிலோ பட்டறையிலோ பேட்டரியை சார்ஜர் வைத்து ஏற்றிக்கொள்வதே எளிது. கம்பி முனைகளில் மாட்டும் லக்குகளை ஹைட்ராலிக் அழுத்தியால் நன்றாக இறுக்கித் தரச் சொல்லுங்கள். ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளில் கம்பி வாங்கும்போதே கேட்டுப் பார்க்கலாம். முதல் முறை இழுத்து முடித்தவுடன், சுவிட்சை அணைத்துவிட்டு, ஒவ்வொரு முனையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அந்த லக் சரியாக அழுத்தப்படவில்லை.

மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை பேட்டரியின் நேர்முனைக்கு அடுத்தபடியாக, டிரெய்லரின் பக்கவாட்டில், நீங்கள் ரிமோட்டுடன் நிற்கும் இடத்திலிருந்து கை எட்டும் தொலைவில் வையுங்கள். வின்ச்சின் உச்ச மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சாக அது இருக்க வேண்டும். கம்பியில்லா ரிமோட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

மோட்டாரில் இரண்டு வகை உண்டு. நிலைக்காந்த மோட்டார் மலிவானது, மின்சாரம் குறைவாக எடுக்கும், ஆனால் விரைவில் சூடேறும். சுருள்காந்த மோட்டார் வலிமையானது, விலையும் மின்னோட்டமும் கூடுதல். மாதத்துக்கு ஓரிரு முறை காரை ஏற்றுவதற்கு நிலைக்காந்த மோட்டார் போதும். ஒரு நிமிடம் இழுத்தால் சற்று நிறுத்தி ஆறவிடுங்கள். எங்களைப் போல் அடிக்கடி ஏற்றுபவர்களுக்கு மட்டும் இரண்டாவது வகை.

பட்டனை விட்டவுடன் சுமையைத் தானாகப் பிடித்து நிறுத்தும் இயந்திரப் பிரேக் இருக்கிறதா என்பதை வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். பல வின்ச்சுகளில் இந்தப் பிரேக் உருளைக்குள்ளேயே இருக்கிறது. சுமையுடன் வடத்தை வெளியே விடும்போது அது சூடாகும், நீண்ட நேரம் விட்டால் செயற்கை இழை வடம் பாதிக்கப்படலாம். நான் மலிவு வின்ச்சில் எஃகு வடத்தையே விரும்புகிறேன். செயற்கை இழை இலகுவானது, அறுந்தால் சீறியடிப்பது குறைவு, ஆனால் மலிவுப் பெட்டியில் வரும் இழையின் தரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, நம் ஊர் வெயிலும் அதை நலிவடையச் செய்யும். எஃகு வடத்தில் ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தால் உடனே தெரிந்துவிடும். தடித்த தோல் கையுறை இல்லாமல் அதைத் தொட வேண்டாம். எந்த நிலையிலும் உருளையில் குறைந்தது ஐந்து சுற்று இருக்க வேண்டும், ஏனென்றால் வடத்தின் நுனியைப் பிடித்திருக்கும் சிறிய திருகு சுமையைத் தாங்குவதற்கானது அன்று. சுற்றுகளின் உராய்வே தாங்குகிறது. வடத்தின் நீளத்தைப் பார்க்கும்போது இந்த ஐந்து சுற்றையும் கழித்துக் கணக்கிடுங்கள்.

ஈரப்பதமும் மழையும் மிகுந்த இடத்தில் தூசியும் நீரும் புகாது என்பதைக் காட்டும் ஐ.பி. 67 என்ற குறியீடு உள்ள வின்ச் கிடைத்தால் சிறிது கூடுதலாகக் கொடுக்கலாம். அது இல்லையென்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியை மழை படாத பெட்டிக்குள் வைத்து, வின்ச்சுக்கு உறை போட்டுவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது வெளிநாட்டுக் கடையின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 2024 தொடக்கத்திலிருந்து பொருள் சேவை வரி 9 விழுக்காடு. எஃகு வடத்துடன் 12,000 பவுண்டு வின்ச் 40 கிலோவை ஒட்டி இருப்பதால் அனுப்பும் கட்டணமும் கணிசம். சிறிய வின்ச் அதில் பாதி எடைகூட இல்லை. மாற்றுச் சாலினாய்டும் ரிமோட்டும் தனியாக வாங்கக் கிடைக்கின்றனவா என்று விற்பவரிடம் கேளுங்கள். வார்ன், கம்அப் போன்ற பழைய வின்ச் நிறுவனங்களின் பெயர்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த உதிரிபாக வசதிக்காகத்தான் கொடுக்கிறார்கள். பதிவு பெற்ற டிரெய்லரில் துளையிடுவதற்கோ பற்றவைப்பதற்கோ முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது வின்ச்சை மெல்லிய தகட்டில் அல்லாமல் டிரெய்லரின் முதன்மைச் சட்டத்தோடு இணைந்த தடித்த தகட்டில், 8.8 தர போல்ட்டுகளால் இறுக்குங்கள். உயரத்தையும் பாருங்கள்: காரின் இழுவைக் கொக்கியும் வின்ச்சும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தால் வடம் பம்பரில் உரசாது. காரின் பின்பெட்டியில் கருவிகளோடு இருக்கும் திருகுக் கொக்கி சில ஐரோப்பிய கார்களில் இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். வலப்பக்கமாக வலிந்து திருகி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஏற்றும்போது டிரெய்லர் இழுக்கும் வண்டியில் மாட்டியே இருக்கட்டும், பின்புறத் தாங்குகால்களும் இறங்கியிருக்கட்டும். இல்லையென்றால் கார் பலகையில் ஏறியதும் டிரெய்லரின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். வடத்தின் நேர்க்கோட்டிலும் காருக்குப் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது. கார் தளத்துக்கு வந்தபின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு சக்கரங்களையும் ராட்செட் பட்டைகளால் கட்டி, அதன்பிறகு வடத்தைச் சற்றுத் தளர்த்தி, சுவிட்சை அணைத்துவிட்டுப் புறப்படுங்கள். பயணத்தில் காரைப் பிடித்து வைப்பது பட்டைகளின் வேலை, வின்ச்சின் பற்சக்கரங்களின் வேலை அன்று.