தொட்டில் பிள்ளைக்கும் ஃபித்ரா உண்டு

அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா,

மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நோன்புப் பெருநாள் என்றால் புது டிரெஸ், பிரியாணி என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வீட்டில் பிறை விளக்குகள் மாட்டியிருக்கிறேன். மகள் நோன்பு வைப்பேன் என்று அடம்பிடிக்கிறாள், விடலாமா? பெருநாளையொட்டி ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஃபித்ராவை எல்லோருக்கும் சேர்த்து அவர் போனிலேயே அனுப்பிவிடுவார். பெருநாளைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

- ஒரு வாசகி

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி,

விளக்கு இருக்கட்டும். பிரியாணியும் இருக்கட்டும், பெருநாள் பிள்ளைகளுக்குள் முதலில் வயிறு வழியாகத்தான் இறங்கும்.

ஆனால் ஃபித்ராவைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இப்போது வீட்டுக்கு வீடு இதே கதை என்று நொந்துகொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. எப்படிப் புரியவைப்பது என்று என்னைக் கேட்கிறீர்கள்; காட்ட வேண்டியதைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் நீங்களே முடித்துவிடுகிறீர்கள்!

சின்னப் பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை, தொழுகையும் இல்லை. ஃபித்ரா அப்படியில்லை. தலைக்கு ஒரு ஸாஉ, அதாவது இரு கையும் சேர்த்து நான்கு அள்ளு, அரிசியில் சுமார் இரண்டரை கிலோ. கைக்குழந்தைக்கும் தகப்பன் கொடுத்தாக வேண்டும்.

என் கடைசித் தம்பி தொட்டிலில் கிடந்த வருஷம், உம்மா பாயை விரித்து ஒவ்வொருவர் பேருக்கும் அரிசியைத் தனித்தனியாகக் குவித்தார். அவன் பேருக்கும் ஒரு குவியல். "அவன் நோன்பே வைக்கலியே, அவனுக்கு எதுக்கு?" என்றேன். "அவனும் இந்த வீட்ல ஒரு தலதானே" என்றார் வாப்பா. என் குவியலை நானே பையில் அள்ளிப்போட்டு, வழிநெடுக இறக்கி இறக்கி வைத்து, அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த வீட்டுப் பிள்ளை என்னோடு ஓதுகிறவள். "மதரஸாவுல இதப் பத்தி வாயத் திறக்கக் கூடாது" என்று கிளம்பும்போதே உம்மா நிறுத்திச் சொல்லியிருந்தார்.

பணமாகக் கொடுத்தால் கூடுமா என்பதை மார்க்கம் படித்த ஆலிம்களிடம் கேளுங்கள். என் சண்டை அதுவல்ல. உங்கள் மகளின் ஃபித்ரா அவளுக்கே தெரியாமல் போகிறது, அதுதான் என் சண்டை. பக்கத்துப் பள்ளிவாசலில் விசாரித்தால் கஷ்டப்படுகிற வீட்டைச் சொல்ல மாட்டார்களா?

நோன்பைக் கேட்டீர்களே, லுஹர் வரை, அதாவது மதியத் தொழுகை நேரம் வரை வைக்கட்டும். பசி என்றால் உடனே சோறு போடுங்கள். அரிசியை அவளே அளக்கட்டும். தம்பியின் பங்கில் அவன் கையும் படட்டும். பெருநாள் தொழுகைக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தொழுத பிறகு கொடுத்தால் அது ஃபித்ராவாகாது, சாதாரண தர்மமாகத்தான் போகும்.